முடிவறியாத சாட்சி: மரே வோக்கரும் காரோட்டப் போட்டி வருணனையின் வரலாறும்

கலிங்கப் போரைப் பாடவந்த செயங்கொண்டார், போர்ச் செய்தியைக் கூளியொன்று காளிக்கு எடுத்துரைப்பதாகத் தம் நூலை அமைத்தார். வியாச பாரதத்திலே பார்வையற்ற திருதராட்டிரனுக்குக் குருக்ஷேத்திரத்து நிகழ்ச்சிகளைச் சஞ்சயன் உரைக்கின்றான். காணாதாருக்குக் கண்டார் உரைக்கும் இம்மரபு நமக்குப் புதியதன்று. ஆயினும் ஒன்று ஈண்டு கவனிக்கத்தக்கது. சஞ்சயன் வீடுமர் வீழ்ந்த செய்தியை முதலிற் கூறிவிட்டே, அது நிகழ்ந்த வகையைப் பின்னர் விரிக்கின்றான். கூளியும் நடந்ததை அறிந்தே நவில்கின்றது. முடிவை அறிந்தவர் கூறும் கதையில் ஒவ்வொரு சொல்லும் அம்முடிவை நோக்கியே நகரும். வரலாற்றாசிரியனின் நிலையும் பெரும்பாலும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டில் வானொலியும் தொலைக்காட்சியும் தோற்றுவித்த நேர்முக வருணனையாளன் இவர்களிலிருந்து வேறுபட்டவன். அவன் முடிவறியாமற் பேசுகின்றான். அடுத்த கணம் வெற்றி வருமோ விபத்து வருமோ என்பதை அறியாதவனாய், ஆயினும் வாய் மூடியிருக்க உரிமையற்றவனாய், நிகழ்ச்சியோடு நிகழ்ச்சியாக ஓடுகின்றான். இவ்வகையில் அரைநூற்றாண்டுக்கு மேலாகக் காரோட்டப் போட்டிகளையும் மோட்டார்ச் சைக்கிள் போட்டிகளையும் வருணித்தவர் பிரித்தானியரான மரே வோக்கர். 1948 இல் ஒலிபெருக்கியின் முன் நின்று பேசத் தொடங்கிய அவர், 2001 இல் பல நாட்டவரும் கேட்டறிந்த குரலாக ஓய்வு பெற்றார். அவர் எத்தனை முறை தவறாகப் பேசினார் என்பதைச் சொல்லிச் சிரிப்பது இங்கிலாந்தில் ஒரு வழக்கமாகவே இருந்தது. அத்தவறுகளிலேயே அவரது பணியின் வரலாற்றுப் பெறுமதி அடங்கியுள்ளது என்பதே இக்கட்டுரை நிறுவ முற்படும் கருத்தாகும்.

மரே வோக்கர் 1923 ஒக்டோபர் 10 ஆந் திகதி பேர்மிங்காம் நகரின் ஹோல் கிறீன் பகுதியிற் பிறந்தார். தந்தையார் கிறஹாம் வோக்கர் புகழ்பெற்ற மோட்டார்ச் சைக்கிள் ஓட்ட வீரர். 1928 இல் அல்ஸ்ரர் கிராண்ட் பிரீ போட்டியை மணிக்கு 80 மைலுக்கு மேற்பட்ட சராசரி வேகத்தில் வென்றவர். 1931 இல் மான் தீவில் நடைபெற்ற ரி.ரி. போட்டிகளில் இலகு வகைப் பிரிவிலும் வெற்றி பெற்றார். ஓட்டத்திலிருந்து விலகிய பின்னர் மோட்டார்ச் சைக்கிள் இதழொன்றின் ஆசிரியராகவும், பி.பி.சி. வானொலியின் வருணனையாளராகவும் விளங்கினார். ஆகவே எண்ணெயின் மணமும் இயந்திரத்தின் ஓசையும் ஒலிவாங்கியும் மகனுக்குப் பிறவிச் சூழலாகவே வாய்த்தன. எனினும் தந்தையின் தொழில் மகனுக்கு உடனே கைகூடிவிடவில்லை. இடையில் உலக யுத்தம் வந்தது. சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியிற் பயிற்சி பெற்ற மரே, ரோயல் ஸ்கொட்ஸ் கிறேய்ஸ் படைப்பிரிவிற் சேர்ந்து, ஷேர்மன் தாங்கியொன்றில் ஐரோப்பியக் களத்திற் பணியாற்றினார். ஜேர்மனியின் ரைஷ்வால்ட் காட்டுப் போரிலும் அவர் பங்குபற்றினார். கப்டன் நிலையில் இராணுவத்தை விட்டு நீங்கியவர், விளம்பரத் துறையைத் தம் சீவனோபாயமாகக் கொண்டார்.

இவ்விடயம் அவரைப் பற்றிப் பேசுவோர் பலராலும் மறக்கப்படுவது. 1982 இல் ஏறத்தாழ ஐம்பத்தொன்பது வயதில் விளம்பரத் தொழிலிலிருந்து ஓய்வு பெறும் வரை, மரே வோக்கர் வார நாட்களில் அலுவலகத்திற் பணிபுரிந்து, வார இறுதியில் மட்டுமே வருணனையாளராக இருந்தார். வானொலி அவருக்கு நெடுங்காலம் முழுநேரப் பிழைப்பைத் தரவில்லை. பிரித்தானியாவில் ஒவ்வொருவர் வாயிலும் வழங்கிய ஓர் இனிப்புப் பண்ட விளம்பர வாசகத்தை எழுதியவர் அவரே என்று பலர் நம்பினர்; அது தம்முடையதன்று என்று அவரே பலமுறை மறுத்தார். ஊரார் தமக்குச் சூட்டிய புகழையும் மெய்யன்றெனக் கண்டவிடத்துக் களையும் இவ்வியல்பு, அவரது வருணனையிலும் வெளிப்பட்டதைப் பின்னர்க் காண்போம்.

1948 இல் வூஸ்ரர்ஷயர் மாவட்டத்தின் ஷெல்ஸ்லி வோல்ஷ் என்னுமிடத்தில் நடைபெற்ற மலையேற்றக் காரோட்டத்தில், கூடியிருந்தோருக்கு ஒலிபெருக்கி மூலம் விவரம் கூறும் வாய்ப்பு மரேக்குக் கிடைத்தது. மலையேற்றப் போட்டி என்பது நம் நாட்டில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டையில் நடைபெறுவது போன்றது: கார்கள் ஒன்றையொன்று முந்துவதில்லை, ஒவ்வொன்றாகச் சாய்வுப் பாதையில் ஏறி நேரத்தோடு போட்டியிடும். ஒரு கார் ஏறி மறைவதற்குச் சில விநாடிகளே ஆகும். மற்றைய நேரமெல்லாம் பேச்சினாலேயே நிரப்பப்பட வேண்டும். இவ்வாறு பேசிப் பழகியவருக்கு 1949 மே மாதத்தில், முன்னாள் விமானத் தளமாகிய சில்வர்ஸ்டோனில் நடைபெற்ற பிரித்தானிய கிராண்ட் பிரீ போட்டியை பி.பி.சி. வானொலியில் வருணிக்கும் பணி கிட்டியது. உலக வெற்றியாளர் போட்டித் தொடர் என்பது அப்போது தோன்றியிருக்கவில்லை. அது மறு ஆண்டிலேயே தொடங்கியது.

அந்த முதலாவது ஒலிபரப்பிலேயே, வருணனையாளன் ஒருவன் வாழ்நாள் முழுதும் அஞ்சும் சோதனை அவரை எதிர்கொண்டது. ஜோன் போல்ஸ்ரர் என்னும் ஓட்டுநரின் கார் மரேயின் கண்ணெதிரே பாதையை விட்டுப் புரண்டு உருண்டது. ஓட்டுநர் இறந்துவிட்டார் என்றே மரே எண்ணினார். ஆனால் எண்ணியதை அவர் கூறவில்லை. போல்ஸ்ரர் பாதையை விட்டு வெளியேறிவிட்டார் என்ற பொருள்படச் சுருக்கமாக ஒரு சொற்றொடரே அவர் வாயிலிருந்து வந்தது. அனுபவமின்மையால் நா எழவில்லை என்று இதனைக் கொள்ளலாம். ஆயின் விளைவை நோக்கும்போது அதுவே சரியான கூற்றாயிற்று. போல்ஸ்ரர் படுகாயமுற்றாரேனும் இறக்கவில்லை. ஓட்டத்தை அன்றோடு கைவிட்டு, மோட்டார்ப் பத்திரிகையாளராகப் பல்லாண்டு வாழ்ந்தார். எங்கோ ஒரு வீட்டில் வானொலியருகே இருந்திருக்கக்கூடிய அவரது உறவினர்களை நினைத்தால், கூறப்படாத அந்த ஒரு சொல்லின் பெறுமதி விளங்கும். கண்டதைக் கூறு, கருதியதைக் கூறாதே என்னும் விதியை இளம் வருணனையாளர் அன்று தற்செயலாகவே கற்றுக்கொண்டார் எனலாம்.

அதே 1949 ஆம் ஆண்டு முதல், தந்தையும் மகனும் ஒருங்கே மான் தீவின் ரி.ரி. போட்டிகளை வருணிக்கலாயினர். 1962 இல் கிறஹாம் வோக்கர் காலமாகும் வரை இக்கூட்டு நீடித்தது. வானொலி வருணனையின் நுட்பத்தை அறிய இப்போட்டியிலும் சிறந்த எடுத்துக்காட்டில்லை. ஓடுபாதையின் ஒரு சுற்று ஏறத்தாழ 60 கிலோமீற்றர் நீளமானது. ஊர்களையும் மலைச் சரிவையும் ஊடறுத்துச் செல்லும் பொதுச் சாலைகளே அவை. வீரர்கள் அனைவரும் ஒருங்கே புறப்படுவதில்லை. இடைவெளி விட்டு அனுப்பப்படுவர். எனவே ஒருவரை முந்திக் கடந்து செல்பவர் போட்டியில் முன்னிற்பவர் என்று கொள்ள முடியாது. கண் காண்பது ஒன்று. கணக்குக் காட்டுவது வேறொன்று. ஓரிடத்தில் நிற்கும் வருணனையாளர் ஒரு வீரரைச் சில விநாடிகளே காண்பார். அவர் மீண்டும் தோன்றும் வரை கடிகாரத்தையும் கையிலுள்ள தாளையும் மற்றைய இடங்களில் நிற்போரின் செய்தியையுமே நம்பியிருக்க வேண்டும். சிதறிய சான்றுகளை இணைத்து நிகழ்ச்சியை மனத்திற் கட்டியெழுப்பும் வரலாற்று மாணவனின் வேலைக்கும் இதற்கும் உறவுண்டு. ஒரேயொரு வேறுபாடு, வருணனையாளனுக்கு நூலகத்துக்குப் போய்வர நேரமில்லை.

வானொலியில் குரலே கண்ணாக இருந்தது. தொலைக்காட்சி வந்தபின் கேட்போர் கண்பெற்றனர். குரலுக்கு இனி வேலையென்ன என்ற வினா இயல்பாகவே எழுந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பி.பி.சி.யின் காரோட்ட வருணனையில் முதன்மை பெற்றிருந்தவர் முன்னாள் போர் விமானியான ரேமண்ட் பாக்ஸ்ரர். மரே வோக்கர் அக்காலத்தில் மோட்டார்ச் சைக்கிள் போட்டிகளையே பெரிதும் வருணித்தார். குளிர்காலச் சனிக்கிழமைகளில் சேற்றிலும் மேட்டிலும் நடைபெறும் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டங்களைத் தொலைக்காட்சியில் வருணித்தமையே, பார்வையாளர் கண்டுகொண்டிருப்பதைக் குரலால் எவ்வாறு தொடர்வது என்பதை அவருக்குக் கற்பித்தது எனலாம். கிராண்ட் பிரீ போட்டிகள் பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒழுங்காக இடம்பெறாமைக்கு வர்த்தக விளம்பரமும் ஒரு காரணமாயிற்று. 1976 இல் சேர்ட்டீஸ் அணியின் காரில் டியூரெக்ஸ் என்னும் கருத்தடைச் சாதனத்தின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தமையால், பி.பி.சி. அப்போட்டிகளைக் காட்ட மறுத்தது. ஆனால் அவ்வாண்டிலேயே ஜேம்ஸ் ஹன்ட் என்னும் ஆங்கிலேயர் ஒரேயொரு புள்ளி வித்தியாசத்தில் நிக்கி லவுடாவை விஞ்சி உலக வெற்றியாளரானார். பொதுமக்களின் ஆர்வம் பெருகியது. 1978 இல் பி.பி.சி. கிராண்ட் பிரீ போட்டிகளுக்கெனத் தனி நிகழ்ச்சியொன்றைத் தொடங்கியபோது, ஐம்பத்தைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த மரே வோக்கர் அதன் குரலானார். மற்றவர்கள் ஓய்வைப் பற்றி எண்ணும் பருவத்தில் அவரது பெரும்பணி ஆரம்பித்தது.

1980 இல் ஓய்வுபெற்ற வீரரான ஜேம்ஸ் ஹன்ட் அவரது துணை வருணனையாளராகச் சேர்ந்தார். இருவரும் எல்லா வகையிலும் எதிரெதிரானவர்கள். மரே குறிப்புகளைக் கையால் எழுதித் தயாரித்துக்கொண்டு வருபவர். ஹன்ட் கடைசி வேளையில் வந்து அமர்பவர். மரே நின்றுகொண்டே பேசுவார். ஹன்ட் இருந்துகொண்டு பேசுவார். இருவரும் ஒரே நேரத்திற் பேசுவதைத் தடுப்பதற்காக ஓர் ஒலிவாங்கியே இருவருக்கும் பொதுவாக வழங்கப்பட்டது. மரேயின் குரல் ஏறிக்கொண்டே போகும்; ஹன்டின் குரல் அலட்சியமாக, சில வேளை இரக்கமின்றி, தீர்ப்புக் கூறும். இத்தீர்ப்புகளில் ஒன்றை நாம் நோக்குதல் தகும். 1978 இல் இத்தாலியின் மொன்சாவில் நிகழ்ந்த விபத்தில் ரொனி பீற்றர்சன் காயமுற்று மறுநாள் இறந்தார். எரியும் காரிலிருந்து அவரை மீட்க உதவியவர்களுள் ஹன்டும் ஒருவர். அவ்விபத்துக்கு ரிக்கார்டோ பத்ரேசேயே காரணம் என அவர் உறுதியாக நம்பினார். 1981 இல் இத்தாலிய நீதிமன்றம் பத்ரேசேயைக் குற்றமற்றவரென விடுவித்தது. அதன் பின்னரும் ஹன்ட் தொலைக்காட்சியில் அவரைத் தாக்கிப் பேசுவதை நிறுத்தவில்லை. ஹன்டிடம் துறையறிவு மிக்கிருந்தது. தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் மனம் அவ்விடயத்தில் இருக்கவில்லை. மரேயோ ஒரு நிமிடத்தில் மூன்று முறை தவறி, மூன்று முறையும் அவ்விடத்திலேயே தம்மைத் திருத்திக்கொள்வார். நேரிற் கண்டவரின் உறுதி வேறு, உண்மை வேறு என்பதை இச்சோடி நமக்கு உணர்த்துகின்றது.

மரேயின் ஆற்றலை நன்கு உணர்த்தும் ஒரு நிகழ்ச்சி 1986 ஒக்டோபர் 26 இல் அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரில் நிகழ்ந்தது. அவ்வாண்டின் இறுதிப் போட்டி அது. நைஜல் மன்செல், அலன் புரொஸ்ற், நெல்சன் பிக்கே ஆகிய மூவருள் எவரும் உலக வெற்றியாளராகக்கூடிய நிலை. மன்செலுக்கு மூன்றாமிடமே போதுமானதாயிருந்தது. அதற்குரிய இடத்தில் அவர் ஓடிக்கொண்டுமிருந்தார். சற்று முன்னர், முன்னணியிலிருந்த கெக்கே ரொஸ்பேர்க் தம் கார் இயந்திரம் பழுதடைந்ததென நினைத்து ஓரமாக நிறுத்தினார். இறங்கிப் பார்த்தபோதே சிதைந்தது இயந்திரமன்று, பின் ரயர் எனக் கண்டார். காரைச் செலுத்தியவருக்கே காரில் நடந்தது தெரியவில்லை. 64 ஆவது சுற்றில், நேர்ப்பாதையில் முழு வேகத்திற் சென்ற மன்செலின் இடது பின் ரயர் வெடித்தது. அந்த ஒளிப்பதிவை இன்றும் கேட்கலாம். மரே கூறிக்கொண்டிருந்த வாக்கியம் நடுவில் முறிகின்றது. அதோ பாருங்கள் என்ற ஓலம் எழுகின்றது. அது யாருடைய கார் என்பதை அறியும் கணமும், அறிந்தபின் அதன் பொருள் யாதென உணரும் கணமும் அடுத்தடுத்து அவர் குரலிற் பதிவாகியுள்ளன. போட்டியையும் பட்டத்தையும் வென்றவர் புரொஸ்ற். இன்று எந்த அட்டவணையைப் புரட்டினாலும் 1986 ஆம் ஆண்டுக்கு நேரே அவர் பெயரே உண்டு. அட்டவணையைக் காண்பவருக்கு அது இயல்பாகத் தோன்றும். அது எவ்வளவு எளிதாக வேறுவிதமாய் முடிந்திருக்கக்கூடும் என்பதை அட்டவணை சொல்லாது. முறிந்த அவ்வாக்கியமே சொல்லும்.

இத்துறையில் மரணம் எப்போதும் பாதையோரத்தில் நின்றது. முடிவறியாது பேசுவோனின் பொறுப்பு மிகக் கடுமையாவது அங்கேதான். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500 மைல் போட்டியை 1952 முதல் அவ்வோடுதளத்தின் வானொலி வலையமைப்பிற்காக வருணித்த சிட் கொலின்ஸ் என்பார் 1964 மே 30 இல் இதனை எதிர்கொண்டார். இரண்டாவது சுற்றிலேயே தீப்பிழம்பு எழுந்தது; எடி சாக்ஸ், டேவ் மக்டொனல்ட் என்னும் இரு ஓட்டுநர்கள் உயிரிழந்தனர். அக்காலத்தில் அப்போட்டி வீடுகளுக்கு நேரடித் தொலைக்காட்சியிற் காட்டப்படுவதில்லை. அது 1986 இலேயே வந்தது. ஆகவே நாடெங்கும் வானொலியருகே இருந்தோருக்குக் கொலின்ஸின் குரலே ஒரே சாட்சி. சாக்ஸ் இறந்த செய்தி அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்ட பின்னரே அவர் அதனைக் கூறி, எழுதி வைத்த வாசகம் எதுவுமின்றிச் சில நிமிடங்கள் இரங்கலுரையாற்றினார். அவ்வுரையின் பிரதியைக் கேட்டுப் பின்னர் எண்ணற்ற கடிதங்கள் வந்தன.

மரே வோக்கருக்கு அந்நாள் 1994 மே முதலாந் திகதியாக அமைந்தது. இத்தாலியின் இமோலாவில், முதல் நாள் தகுதிகாண் ஓட்டத்தின்போது ரோலண்ட் ரற்சன்பேர்கர் உயிரிழந்திருந்தார். ஞாயிறன்று ஏழாவது சுற்றில், முன்னணியிற் சென்றுகொண்டிருந்த அயர்ட்டன் சென்னாவின் கார் ரம்புரெல்லோ வளைவிற் சுவருடன் மோதியது. கொலின்ஸுக்கு இல்லாத ஒரு சுமை இங்கே மரேக்கு இருந்தது. கேட்போர் அனைவரும் அவருடன் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தனர். அசைவற்ற தலைக்கவசத்தைக் கோடிக்கணக்கானோர் காண்கையில், அதன் பொருளைச் சொல்லாதிருக்கவும் வேண்டும். பொய்யான நம்பிக்கையை ஊட்டாதிருக்கவும் வேண்டும். சென்னாவின் மரணம் அன்று மாலையே வைத்தியசாலையில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னரே போட்டி மீளத் தொடங்கி முடிந்தும் விட்டது. இடைப்பட்ட நேரமெல்லாம் மரே போட்டியை வருணித்தாக வேண்டியிருந்தது. 1949 இல் சில்வர்ஸ்டோனிற் தற்செயலாகக் கற்ற பாடம் நாற்பத்தைந்து ஆண்டுகளின் பின் அவருக்குத் துணைநின்றது எனலாம். உரத்துப் பேசுபவர் என்று பெயர்பெற்ற அவரது உண்மையான பயிற்சி, எதனை எப்போது பேசாதிருப்பது என்பதிலேயே இருந்தது.

மௌனமே அவரை ஆட்கொண்ட வேறொரு நாளுமுண்டு. 1996 ஒக்டோபர் 13 இல் யப்பானின் சுசுகாவில் டேமன் ஹில் வெற்றி பெற்று உலகப் பட்டத்தைக் கைப்பற்றினார். அவர் தந்தையார் கிறஹாம் ஹில் 1962, 1968 ஆகிய ஆண்டுகளில் உலக வெற்றியாளராக இருந்து, 1975 இல் விமான விபத்தில் மாண்டவர். உலக வெற்றியாளர் ஒருவரின் மகன் அப்பட்டத்தைப் பெற்றது அதுவே முதன்முறை. டேமன் வெற்றிக் கோட்டைக் கடந்தபோது, தொண்டை அடைப்பதால் தாம் பேச்சை நிறுத்த வேண்டியுள்ளதென மரே வெளிப்படையாகவே கூறினார். அவரும் தந்தையின் சுவட்டில் வந்த ஒரு மகன். இரு தந்தையரின் பெயரும் கிறஹாம் என்பது தற்செயல். அடுத்த ஆண்டு ஒளிபரப்புரிமை ஐ.ரி.வி. நிறுவனத்துக்கு மாறியது. பி.பி.சி.யில் அவரது கிராண்ட் பிரீ பணி இவ்வாறு சொல்லிழந்த ஒரு கணத்தோடு நிறைவுற்றது.

இவற்றைக் கூறுமிடத்து, அக்குரல் எப்பொருளாதாரத்தின் நடுவே ஒலித்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. 1968 இல் லோட்டஸ் அணி தன் கார்களைச் சிகரெட் பெட்டியின் நிறங்களில் தீட்டியது முதல், இவ்விளையாட்டு புகையிலை நிறுவனங்களின் நடமாடும் விளம்பரப் பலகையாயிற்று. ஹன்ட் 1976 இல் வென்றதும் அத்தகைய காரிலேயே. கருத்தடைச் சாதனத்தின் பெயரைக் கண்டு நாணிய தொலைக்காட்சி, நோயையும் மரணத்தையும் விற்ற பெயர்களை ஆண்டுக்கணக்கிற் காட்டியது. விளம்பரத்துறையில் ஊறிய மரே இதனை அறியாதவரல்லர். மேலும், ஓட்டுநர்களை அவர் பெரிதும் நேசித்தார். வன்மையாகக் கண்டித்தது அரிது. ஆராய்ச்சியாளன் ஒருவன் அவர் வருணனையை மட்டுமே சான்றாகக் கொண்டால், இவ்விளையாட்டின் பண அரசியலைப் பற்றி மிகக் குறைவாகவே அறிவான். ஒரு சாட்சி எதனைக் கண்டது என்பதோடு, எத்திசையில் நின்று கண்டது என்பதையும் கேட்பது நம் கடமையாகும்.

இனி, அவர்தம் தவறுகளுக்கு வருவோம். ஒரு கார் சிறப்பாக ஓடுகின்றது என்று அவர் கூறி முடிக்குமுன் அது புகைகக்கி நிற்கும். ஒருவர் வெற்றி உறுதியென்பார், அவர் அடுத்த வளைவில் வெளியேறுவார். இத்தகைய கூற்றுகள் அவர் பெயராலேயே ஒரு சொல்லாக வழங்கலாயின. வாய்மொழி மரபில் நிகழ்வது போலவே, அவர் கூறாதனவும் அவர் தலையில் ஏற்றப்பட்டன. 2000 யூலை 30 இல் ஜேர்மனியின் ஹொக்கன்ஹைம் போட்டி தொடங்கிய உடனே ஒரு சிவப்புநிற பெராரி கார் மோதி வெளியேறியது. அது ரூபன்ஸ் பரிக்கெல்லோவின் கார் என்றார் மரே. உண்மையில் வெளியேறியவர் மைக்கல் ஷூமாக்கர். வெளியேறியதாகக் கூறப்பட்ட பரிக்கெல்லோ, பதினெட்டாவது இடத்தில் தொடங்கி, தம் வாழ்வின் முதலாவது கிராண்ட் பிரீ வெற்றியை அன்று பெற்றார். பத்திரிகை மரேயைக் கடுமையாகச் சாடியது. எழுபத்தாறு வயதான அவர் தம் கண்ணும் நாவும் தளர்கின்றனவோ என எண்ணி, ஓய்வு பெறத் தீர்மானித்தார். 2001 செப்ரெம்பர் 30 இல், கொலின்ஸின் குரல் ஒலித்த அதே இண்டியானாபொலிஸ் ஓடுதளத்தில் நடைபெற்ற ஐக்கிய அமெரிக்க கிராண்ட் பிரீ அவரது இறுதி முழுநேர வருணனையாயிற்று. மறு ஆண்டு அவர் வெளியிட்ட தன்வரலாற்றின் தலைப்பு, நான் பெரிதும் தவறவில்லையெனின் என்னும் பொருளது. வருணிக்கையில் அவர் அடிக்கடி பயன்படுத்திய முன்னெச்சரிக்கை அது. 2021 மார்ச் 13 இல், தொண்ணூற்றேழாவது வயதில், அவர் காலமானார்.

நான் பெரிதும் தவறவில்லையெனின் என்னும் இத்தொடரை ஒரு வேடிக்கையாகக் கொண்டு கடந்துவிடுதல் எளிது. ஆயின் வரலாறு பயிலும் மாணவர் தம் ஒவ்வொரு கூற்றின் முன்னும் எழுதிக்கொள்ளத்தக்க தொடர் இது. நாம் நிகழ்ச்சிகளை அவற்றின் முடிவிலிருந்து பின்னோக்கிப் படிக்கின்றோம். யார் வென்றார், யார் வீழ்ந்தார், எது அழிந்தது, எது நிலைத்தது என்பன தெரிந்திருப்பதால், அவை அவ்வாறுதான் நிகழ்ந்திருக்க முடியும் என்று எளிதில் நம்பிவிடுகின்றோம். அன்று வாழ்ந்தவர்களுக்கு அடுத்த வளைவு தெரியாது. அவர்களுடைய தவறான எதிர்பார்ப்புகளும், நிறைவேறாத நம்பிக்கைகளும், நடுவில் முறிந்த வாக்கியங்களும் அக்காலத்தின் மெய்யான பகுதிகளே. முடிவோடு பொருந்தாதவை என்று அவற்றை நாம் களைந்து எறிவோமாயின், எஞ்சுவது அட்டவணையாக இருக்கும்; வரலாறாக இராது. அண்மைக் காலத்தைப் பற்றி எழுதப் புகும்போது, நம் நாட்டில் ஒவ்வொருவரும் எல்லாவற்றையும் முன்னரே அறிந்திருந்தவர் போலப் பேசுவதைக் கேட்கின்றோம். அன்றைய குரல்களை அன்றிருந்தவாறே தேடிக் கேட்பதன் அவசியம் அப்போதுதான் புலப்படுகின்றது.

சஞ்சயனுக்கு வியாசர் ஞானக்கண் அளித்தார். மரே வோக்கருக்கு வாய்த்தவை ஊனக்கண்ணும், கையால் எழுதிய சில தாள்களும், பலவேளைகளில் மற்றொருவருடன் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்த ஓர் ஒலிவாங்கியுமே. அவற்றைக் கொண்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் அவர் முடிவறியாது பேசினார். தவறியபோது தவறினேன் என்றார். அறியாதபோது ஊகித்து உரைக்காதிருந்தார். சாட்சி ஒருவனிடம் வரலாறு இவற்றுக்கு மேல் எதனையும் எதிர்பார்ப்பதற்கில்லை.